நான்வோவன்: 'நெய்யாத் துணி' போதுமா?

மடல் 1

அன்பர்களே, வணக்கம்.

பன்பயன் இழைப்பொருள்கள் கலைச்சொற் பட்டியலில் நான்வோவனுக்கு (இழைகளை நூலாக்காமல் நேரே பிணைத்துச் செய்யும் துணி) 'நெய்யாத் துணி' என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒப்பவில்லை. பனியன் துணியும் நெய்ததல்ல, பின்னியது. அதை யாரும் நான்வோவன் என்பதில்லை. என்ன செய்கிறோம் என்பதைப் பெயராக்கினால் கிளைச்சொற்கள் தாமே அமையும்.

நூலாக்காமலே இழைகளைப் பரப்புகிறோம், பரப்பியது 'இழைப்படுகை'. அதைப் பிணைத்தால் 'பிணைத்துணி'. முள்ளூசிகளால் குத்திச் சிக்கவைத்தால் ஊசிப்பிணை, உயரழுத்த நீர்த்தாரையால் சிக்கவைத்தால் நீர்ப்பிணை, சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தினால் வெப்பப்பிணை, ஒட்டுப்பொருள் இட்டால் பசைப்பிணை. உருகிய பிளாஸ்டிக்கை வெப்பக்காற்றால் ஊதி நுண்ணிழையாக்கும் மெல்ட்புளோனுக்கு 'உருக்கூதிழை', அதையே இழைகளாக இழுத்துப் பரப்பிப் பிணைக்கும் ஸ்பன்பாண்டுக்குத் 'தொடரிழை'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மடல் 2

ஐயா, ஊசிப்பிணை, நீர்ப்பிணை வரிசை அருமை. ஆனால் தாய்ச்சொல்லில் ஓர் ஐகாரம் நழுவினால் பிணைத்துணி பிணத்துணி ஆகிவிடும். அறுவை அரங்க அங்கிக்குப் போகிற பொருள். அச்சுப்பிழைக்கு இடம் கொடுக்கக் கூடாது!

'உருக்கு' என்றால் எஃகு. உருக்கூதிழை என்று படிப்பவர் எஃகுக் கம்பியைத்தான் நினைப்பார்.

இன்னொன்று: காகிதமும் இழையைப் பரப்பிப் பிணைத்ததுதானே? அதை எப்படி விலக்குவீர்கள்?

மடல் 3

காகிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்வோவனுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9092-இன் வரையறையே நெய்தல், பின்னல், காகிதம் செய்தல் மூன்றையும் வெளியே வைக்கிறது. அதன் 1988 பதிப்பு ஓர் அளவுகோலும் தந்தது: நீளம் விட்டத்தைப்போல் 300 மடங்குக்கு மேல் உள்ள இழைகள் எடையில் பாதிக்கு மேல் இருந்தால் அது நான்வோவன்; வேதிமுறையில் கூழாக்கிய தாவர இழைகள் அந்தக் கணக்கில் சேரா. ஆகவே எல்லையை வரையறை காக்கும். சொல்லின் தலையில் அதை ஏற்ற வேண்டியதில்லை.

பிணத்துணிச் சிக்கலுக்குப் 'பிணையிழைத் துணி' என்று நடுவில் இழையைச் சேர்த்துவிடலாம். தடித்த வடிவத்துக்குப் பிணையிழைப் பாய்.

மெல்ட்புளோனுக்கு 'உருகூதிழை', சுருக்கமாக 'ஊதிழை'. உருகு, ஊது இரண்டும் தேவைதான், ஏனென்றால் கரைசலை ஊதி இழையாக்கும் முறையும் உண்டு; அது கரைசலூதிழை. இங்கே நடப்பது இது: பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 160–165 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் அச்சுமுனையில் அதைவிட மிகச் சூடாக வைத்து, 0.3–0.4 மி.மீ. துளைவரிசை வழியே தள்ளுகிறார்கள். இருபுறமிருந்தும் சாய்வாக வரும் வெப்பக்காற்று அதை 1–5 மைக்ரான் இழையாக மெலிக்கிறது. இதற்கு உருகுபாய்வு எண் (உருகல் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதன் அளவு) 1000-க்கு மேல் உள்ள பிசின், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருள், வேண்டும். ஸ்பன்பாண்டுக்கு உரிய 35 அளவுப் பிசினைப் போட்டால் இழை தடிக்கும், வடிதிறன் போய்விடும். காற்று மிஞ்சினால் இழை அறுந்து பஞ்சாகப் பறக்கும். உருகல் மெலியாமல் துளியாகவே விழுந்தால் படுகையில் தடவினால் நெருடும் சிறு கட்டிகள் கிடக்கும். தொழிலில் 'ஷாட்' என்பார்கள். அதற்கு 'உருகுமணி' என்கிறேன்.

பட்டியலில் இன்னொரு பதிவையும் திருத்த வேண்டும். முகக்கவச வடியடுக்கை 'நுண்துளை வடி' என்று எழுதியிருக்கிறோம். அது துளையளவால் மட்டும் வடிகட்டுவதில்லை. கொரோனா மின்னிறக்கத்தால் (நோயல்ல; உயர் மின்னழுத்தத்தில் காற்றில் நிகழும் மின்னிறக்கம்) இழையில் ஏற்றிய மின்னூட்டம் துகளை இழுத்துப் பிடிக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்தால் மின்னூட்டம் போகும், துணி பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், வடிதிறன் மட்டும் சரியும். எனவே 'மின்னூட்ட ஊதிழை'. நீளம்தான், ஆனால் இந்தப் பெயரைப் படிப்பவர் அதை ஆல்கஹாலில் அலசத் தயங்குவார்.

மடல் 4

ஏற்கிறேன், பட்டியலில் மாற்றிவிட்டேன். உருகுமணி பற்றி மட்டும் ஐயம்: மணி என்றால் வேண்டுமென்றே செய்ததுபோல் ஒலிக்கிறது. இது குறை அல்லவா? 'உருகுகட்டி' என்று வைத்திருக்கிறேன்.

தொடரிழையையும் நானே திரும்பப் பெறுகிறேன். ஊதிழையும் பெரும்பாலும் தொடர்ச்சியானதே, ஆகவே அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை. ஸ்பன்பாண்டில் குளிர்காற்றால் இழுத்து 15–35 மைக்ரானுக்குக் கொண்டுவருகிறோம். அந்த இழுப்புதான் வலிமை தருகிறது. 'இழுவிழை' எப்படி? அப்படியானால் எஸ்எம்எஸ் (ஸ்பன்பாண்டு–மெல்ட்புளோன்–ஸ்பன்பாண்டு) மூவடுக்கை இழுவிழை–ஊதிழை–இழுவிழை என்று எழுதலாம்: வெளியே வலிமை, நடுவே வடிப்பு.