பொருள்: ‘மிக்ஸட் ஃப்ளாக்’ தமிழில் என்ன? (திங்கள் காலை அச்சு)

தருமபுரி, வியாழன் இரவு

வணக்கம். வால்பாறைக்குப் போகும் பிள்ளைகளுக்கான கையேட்டில் 24 பக்கத்தில் 23 முடிந்தது. 11ஆம் பக்கம் மட்டும் ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது. மழைக்காட்டில் பல வகைப் பறவைகள் சேர்ந்து, இரை தேடிக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்து போகுமே, பறவை பார்க்கிறவர்கள் ‘மிக்ஸட் ஃப்ளாக்’ என்பார்களே, அதற்கு என்ன போடுவது? ‘கலப்பினப் பறவைக் கூட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் உறுத்துகிறது. அந்தப் பக்கத்தில் 9 இடத்தில் வருகிறது, குறிப்புப் படிவத்தின் தலைப்பிலும் வருகிறது. திங்கள் காலை 10 மணிக்கு அச்சகம். ஞாயிறு இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

காவேரிப்பட்டினம், வெள்ளி காலை

உறுத்தத்தான் செய்யும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கலப்பினம் என்றால் இரண்டு இனம் கூடிப் பிறந்தது. கொட்டகையில் நிற்கிற ஜெர்சி மாடு கலப்பினம், ராயக்கோட்டைச் சந்தைக்கு ஏறுகிற தக்காளி கலப்பினம். மின்சிட்டுக்கும் சிலம்பனுக்கும் பிறந்த குஞ்சு எங்கே டீச்சர் என்று கேட்பார்கள். ‘பல்லினக் கூட்டம்’ என்று போட்டு முடியுங்கள்.

அரூர், வெள்ளி காலை

பல்லினமா? வல்லினம், மெல்லினம், இடையினம், அடுத்துப் பல்லினம் என்று ஒப்பித்துவிட்டுப் போவான். போதாததற்கு அந்தச் சொல்லை மனித சமூகங்களுக்குப் பிடித்துக்கொண்டு போய் ரொம்ப நாளாயிற்று.

தமிழில் ‘விரவு’ என்று ஒரு சொல் இருக்கிறது, கலப்பு என்று பொருள். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வருவதைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றார். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். ‘விரவுக்கூட்டம்’ என்பது என் முன்மொழிவு. விரவு இங்கே பெயர்ச்சொல், ஆகவே ஒற்று மிகும். வினைத்தொகையாக எடுத்து ‘விரவுகூட்டம்’ என்றும் எழுதலாம், அப்போது மிகாது. எதைப் போட்டாலும் 9 இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

ஓசூர், வெள்ளி மதியம்

பக்கம் கட்டுகிறவன் சொல்கிறேன். படிவத்தின் கட்டத்தில் நீளமான சொல் நிற்காது, எழுத்தைச் சுருக்கினால் காட்டு வெளிச்சத்தில் படிக்க முடியாது. இன்னொன்று: தளி, ஓசூர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். இரண்டிலும் கூட்டத்துக்குக் ‘கும்பு’ என்ற ஓசையில் சொல் இருக்கிறது, நம் கும்பலும் அதற்கு உறவுதான். ‘கும்பு’ என்று போட்டால் மூன்று வீட்டுப் பிள்ளைக்கும் புரியும். இல்லையென்றால் ‘பறவைக் கூட்டணி’. வேறு வேறு கட்சி, கொஞ்ச நாளைக்கு ஒன்றாகப் போகும், காரியம் முடிந்தால் பிரியும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

தேன்கனிக்கோட்டை, வெள்ளி இரவு

சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். எதைக் கூட்டம் என்கிறோம் என்று தெளிவாக இல்லாவிட்டால் படிவமே வீண்.

பழுத்த ஆலமரம் ஒன்றில் குக்குறுவான், சின்னான், இருவாச்சி எல்லாம் வந்து விழுகும். அது இது அல்ல. அங்கே ஒவ்வொன்றும் பழத்துக்காக வந்தது. பழம் தீர்ந்தால் தனித்தனியாகக் கலையும். நமக்கு வேண்டியது ஒன்றையொன்று பின்தொடர்ந்து நகர்கிற கூட்டம். இரண்டு வகையாவது, ஒரே திசையில், குறைந்தது 5 நிமிடம் சேர்ந்து போகவேண்டும். இந்த அளவை வைத்துத்தான் படிவம் போட்டிருக்கிறோம்.

மழைக்காட்டில் அது வரும் விதம் இப்படி. அரை மணி நேரம் காடு வெறிச்சென்று இருக்கும். பிறகு புதருக்குள் சிலம்பன்களின் சலசலப்பு. அவற்றுக்கு மேலே மஞ்சள் புருவச் சின்னான், பிடரி கறுத்த நீல ஈப்பிடிப்பான். தண்டில் தலைகீழாக இறங்குகிற பசையெடுப்பான். உச்சியில் மின்சிட்டு. நடுவில் ஒரு கிளையில் அசையாமல் துடுப்புவால் கரிச்சான். சிலசமயம் கடைசியில் சத்தமே இல்லாமல் தீக்காக்கை. பத்து நிமிடத்தில் எல்லாம் கடந்துவிடும்.

கீழே இருக்கிறவை கிளறும்போது கிளம்புகிற பூச்சியைக் கரிச்சான் பறந்து பிடிக்கும், சிலபோது மற்றதன் வாயிலிருந்தே பிடுங்கும். பதிலுக்கு, வல்லூறு தலைகாட்டினால் முதலில் கத்துவதும் அதுதான். மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலைக்கூட அப்படியே எடுத்துக் கத்தும். இலையில் பூச்சி தேடுகிற பறவைக்கு ஒரே நேரத்தில் இரையையும் வானத்தையும் பார்க்க முடியாது. காவலுக்கு ஆள் இருந்தால் தலை குனிந்து தின்னலாம். கூட்டம் சேர்வதற்குப் பெரிய காரணம் அது.

11ஆம் பக்கத்தில் இவையும் சேரட்டும். ஒருவர் பார்க்கவும் ஒருவர் எழுதவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் குனிகிற நேரத்தில் மூன்று வகை போய்விடும். கீழிருந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் உச்சியை அண்ணாந்து பார்த்து, வானத்தின் பின்வெளிச்சத்தில் கறுப்பு நிழலை எண்ணிக்கொண்டிருப்பார்கள், புதர்ச் சிலம்பன் காலடியில் போய்விடும். உயரத்துக்கு 0–5, 5–15, 15 மீட்டருக்கு மேல் என்று மூன்று கட்டம் போதும். எண்ணிக்கைக்கு, ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணை எழுதவேண்டும், கூட்டிக்கொண்டே போகக்கூடாது. கூட்டம் வட்டமடித்துத் திரும்பி வரும். 30 நிமிடத்துக்குள், 200 மீட்டருக்குள், அதே வகைகளோடு வந்தால் பழைய கூட்டம் என்றே கொள்ளவேண்டும். இதை விட்டதால்தான் போன முறைப் படிவங்களில் ஒரே கூட்டம் மூன்றாகப் பதிந்திருந்தது.

பைனாகுலர் 8×42 எடுங்கள், அதாவது 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மி.மீ. 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10×42இல் 4.2தான். மழைக்காட்டு இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும், அசைகிற பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதும் எளிது. கைப்பேசியில் குரல் ஒலிக்கவிடக் கூடாது. கரிச்சான் அங்கேயே நின்றுவிடும், மற்றவை சிதறும், பதிந்தது கூட்டமே இல்லாமல் போகும்.

ஜனவரியில் போவது நல்ல காலம். கூடு கட்டும் பருவத்தில் ஜோடி ஜோடியாக இடம் பிடித்து உட்கார்ந்துவிடும், கூட்டம் சிறுக்கும். இப்போது வடக்கிலிருந்து வந்த பச்சைக் கதிர்க்குருவியும் சேர்ந்திருக்கும்.

ஆகவே சொல்லில் நகர்வு இருக்கவேண்டும். விரவிலும் அது இல்லை, பல்லினத்திலும் இல்லை.

அரூர், சனி விடியற்காலை

தேன்கனிக்கோட்டைத் தம்பி கரிச்சானைச் சொன்னதும் ஒன்று பொறி தட்டியது. திருப்பாவை ஏழாம் பாட்டு: ‘கீசுகீசு என்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம்’. ஆனைச்சாத்தனைக் கரிச்சான் என்று கொள்வார் உண்டு. ‘கலந்து’ என்ற சொல்லே பாட்டில் நிற்கிறது பாருங்கள்!

இன்னும் கேளுங்கள். சாத்து என்றால் சேர்ந்து வழிச்செல்லும் வணிகர் கூட்டம். மிளகுப் பொதி சுமந்து போகும் கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படை ‘கழுதைச் சாத்து’ என்கிறது. வேறு வேறு ஊரார், வேறு வேறு சரக்கு, ஒரே வழி, கூடவே காவல். தம்பி கேட்ட நகர்வும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. சாத்துக்குத் தலைவன் சாத்தன், பறவைச் சாத்துக்குத் தலைவன் ஆனைச்சாத்தன். விரவுப்பெயருக்குக் காட்டும் எடுத்துக்காட்டும் சாத்தனே. எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. விரவுக்கூட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘பறவைச் சாத்து’. நான்கெழுத்து, மூன்றெழுத்து. ஓசூர்க் கட்டத்திலும் அடங்கும்.

காவேரிப்பட்டினம், சனி காலை

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் ‘சாத்து’ என்றால் மூன்று பொருள்: கதவைச் சாத்து, சாமிக்கு மாலை சாத்து, அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்து. ‘பறவைச் சாத்து’ என்று தலைப்புப் போட்ட தாளைக் கையில் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினால் கல்லைத் தேடுவான்.

தேன்கனிக்கோட்டை, சனி காலை

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விடியுமுன் கத்துகிற பழக்கம் கரிச்சானுக்கு உண்டு, பொருந்துகிறது. ஆனால் அது வயலிலும் மாட்டு முதுகிலும் உட்கார்கிற கரிச்சான், ஊர்ப் பறவை. மழைக்காட்டில் காவல் நிற்பது துடுப்புவால். வேறு இனம். சாத்தனைப் பதவி உயர்த்தி வால்பாறைக்கு மாற்ற முடியாது.

கூட்டணி பற்றியும்: ஆப்பிரிக்காவின் கலஹாரியில் ஒரு கரிச்சான் வேண்டுமென்றே பொய்யாக எச்சரித்து, மற்றவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் எடுத்துத் தின்கிறது. ஆய்வில் உறுதியான செய்தி. ஓசூர்ச் சொல்லுக்கு இது வலுச் சேர்க்கும் என்று பயமாக இருக்கிறது.

தருமபுரி, சனி மதியம்

கூட்டணி வேண்டாம். பள்ளிக்குப் போகிற தாள், யாராவது ஒருவர் தப்பாக எடுத்துக்கொள்வார். கும்பும் வேண்டாம், தமிழ் வீட்டில் அது கும்பலாகத்தான் கேட்கும். ‘குருவிச் சந்தை’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். கூண்டில் அடைத்து விற்கிற இடம் என்று அர்த்தமாகிவிடும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் காட்டுப் பறவையை விற்பது குற்றம்.

பூக்கடையைக் கடந்து வந்தபோது தோன்றியது: ‘கதம்பக் கூட்டம்’. எல்லார் வீட்டிலும் தெரிந்த சொல்.

அரூர், சனி மாலை

கதம்பம் வடசொல். திரள் என்ற பொருளோடு அங்கிருந்து வந்தது. கடம்பு என்ற தமிழ் மரப்பெயரே அங்கே போய்த் திரும்பியது என்று சொல்வோர் உண்டு. அது வேறு வழக்கு. அதியமான் ஆண்ட தகடூரில் உட்கார்ந்துகொண்டு இதற்குமா கடன்?

தருமபுரி, சனி மாலை

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சாத்து மட்டும் என்னவாம்? வடமொழியில் சார்த்தம், பிராகிருதத்தில் சத்தம், இங்கே சாத்து என்றுதான் பலரும் காட்டுகிறார்கள். இரண்டும் கடன் என்றால், புரிகிற கடனை வாங்கலாமே.

அரூர், சனி இரவு

‘சார்’ என்ற வேரிலிருந்து சார்த்து, சாத்து என்று கொள்ள இடமுண்டு. சார்ந்து செல்வது சாத்து. நாளை விரிவாக எழுதுகிறேன்.

காவேரிப்பட்டினம், ஞாயிறு காலை

கதம்பத்துக்கு என் கை. கனகாம்பரம், மரிக்கொழுந்து, சாமந்தி எல்லாம் ஒரு சரத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் நிறத்தோடு தனியாகத் தெரியும். கலப்பினத்தில் வந்த குழப்பம் இதில் வராது. கட்டுகிற நார் எது என்று கேட்டால் கரிச்சான் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

தேன்கனிக்கோட்டை, ஞாயிறு காலை

சரம் நகராது. ஆலமரத்தில் கூடுகிறதும் கதம்பம்தான். பிள்ளைகள் அதையும் இந்தப் படிவத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். நகர்வு வேண்டுமென்றால் ‘இரைதேர் கூட்டம்’. ‘கொங்குதேர் வாழ்க்கை’ போல.

ஓசூர், ஞாயிறு காலை

‘தேர்க்கூட்டம்’ என்று படித்தேன். தேர்த் திருவிழாக் கூட்டம்.

அரூர், ஞாயிறு காலை

வினைத்தொகை, ஒற்று மிகாது. தேர்க்கூட்டம் என்று படித்தது ஓசூரின் கண் கோளாறு. ஆலமரத்துக் கூட்டத்துக்குத் தனிச்சொல் கொடுத்துவிட்டால் தம்பியின் குழப்பம் பாதி தீரும். பழம் நிறைந்த மரம் பழுமரம். ‘பழுமரம் உள்ளிய பறவை’ என்று பொருநராற்றுப்படையிலேயே இருக்கிறது. ‘பழுமரக் கூட்டம்’ போடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஞாயிறு காலை

பழுமரக் கூட்டம், சரி. அதற்குப் படிவத்தில் தனி வரி வேண்டும், மரத்தின் பெயரோடு.

காவேரிப்பட்டினம், ஞாயிறு காலை

சரி. கேட்காத சொல் 20 நிமிடத்தில் முடிந்தது.

ஓசூர், ஞாயிறு மதியம்

பழுமரக் கூட்டம் நுழைத்துவிட்டேன். மற்றதற்கு எண்ணிக்கை சொல்லுங்கள், மின்வெட்டு 4 மணிக்கு.

தருமபுரி, ஞாயிறு மாலை

கதம்பக் கூட்டத்துக்கு மூன்று பேர், அதில் ஒருவர் ‘எதையாவது போடுங்கள்’ என்று எழுதியவர். இரைதேர் கூட்டத்துக்கு ஒருவர், சாத்துக்கு ஒருவர். கதம்பக் கூட்டம் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் தேன்கனிக்கோட்டை தந்த வரையறையைக் கட்டம் கட்டிப் போடுகிறோம்: இரண்டு வகைக்குக் குறையாமல், ஒரே திசையில், 5 நிமிடம். சொல்லில் இல்லாத நகர்வு கட்டத்துக்குள் இருக்கும்.

தேன்கனிக்கோட்டை, ஞாயிறு இரவு

கட்டத்தை யாரும் படிக்கமாட்டார்கள். வால்பாறைக்கு முன்னால் காவிரி வடக்குச் சரணாலயத்தின் ஓரத்தில் ஒரு காலை இதே படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும். நம் வறண்ட காட்டிலும் வெண்வயிற்றுக் கரிச்சானோடு பட்டாணிக் குருவி, சிறிய மின்சிட்டு, மாம்பழச்சிட்டு சேர்ந்து போகும். மரம் குட்டை, வெளிச்சம் உண்டு, தவறு அங்கேயே தெரிந்துவிடும். 10 தாளில் எத்தனையில் ஆலமரத்தை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பேசுவோம்.

அரூர், ஞாயிறு இரவு

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘சார்’ பற்றிய விரிவான மடல் நாளை வரும். அதுவரை ஒன்று: 4ஆம் பக்கத்தில் மரங்களின் மேற்கூரையை இன்னும் ‘விதானம்’ என்றே விட்டிருக்கிறீர்கள். ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்று குறளிலேயே குடை என்ற பொருளில் கவிகை இருக்கிறது. அச்சுக்கு இன்னும் 12 மணி நேரம் இருக்கிறதல்லவா?