ட்யூன் செய்த காரில் எத்தனால் பெட்ரோல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

(கோவை)

என்னுடையது 2014 மாடல், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். 2021இல் ரீமேப் செய்தேன்; அதாவது, எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கணினிக்கு (இசியூ) சொல்லும் அட்டவணையை, அதாவது மேப்பை, கூடுதல் பவருக்காக மாற்றி எழுதினேன். அப்போது நாட்டின் பெட்ரோலில் சராசரியாக எத்தனால் 10 சதவீதம்கூடக் கிடையாது. நாடு அந்த அளவை எட்டியதே 2022 ஜூனில்தான். 2025இல் அது 20 ஆகிவிட்டது. என் மேப் மட்டும் பழைய பெட்ரோலை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது.

வாளையாறு தாண்டி மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தபோது முதலில் கவனித்தேன். 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி தொய்ந்தது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. காரின் ஓபிடி சாக்கெட்டில் கருவி மாட்டி லாக் (பதிவு) எடுத்துப் பார்த்தால், லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம், அதாவது இசியூ எரிபொருளைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் சதவீதம், +2இலிருந்து +7க்கு ஏறியிருந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் அழுத்தம் (ரெயில் பிரஷர்) அதைவிட மோசம்: இசியூ கேட்டது 150 பார், கிடைத்தது 125.

காரணம் எளிமையானது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவை. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழுதாக மிதிக்கும்போது (ஃபுல் லோடில்) எரிபொருள் பம்ப் கொடுத்தால்தான் உண்டு. பூஸ்டை (டர்போ காற்றை அழுத்தித் தரும் அளவை) ஏற்றிய நாளிலிருந்தே என் பம்ப் அதன் எல்லையில்தான் நின்றிருக்கிறது.

ஆனால் அதே லாகில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. முன்பெல்லாம் ஏப்ரல் வெயிலில் நாக் (சிலிண்டரில் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) வந்து, இசியூ தீப்பொறி டைமிங்கை 4, 5 டிகிரி பின்னுக்கு இழுக்கும். இப்போது 1 டிகிரிதான். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, நாக் வராமல் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண்ணும் அதிகம். ட்யூனர் இதையே பயன்படுத்திக்கொண்டார். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்டைக் கொஞ்சம் குறைத்து, டைமிங்கை 2 டிகிரி கூட்டினார். டேங்கில் இருக்கும் பம்பையும் மாற்றினோம். தொய்வு போய்விட்டது. நெடுஞ்சாலை மைலேஜ் மட்டும் 14.5இலிருந்து 13.7க்கு இறங்கியது, அது திரும்பி வராது.

(டல்லஸ், டெக்சாஸ்)

இங்கே இ85 எனும் எத்தனால் கலவை பங்கிலேயே கிடைக்கும். பெயர்தான் 85, விதிப்படி எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவும் இருக்கலாம், குளிர்காலத்தில் குறைப்பார்கள். எனக்கு அது தெரியாது. 50 லிட்டர் டேங்கில் 30 சதவீதக் கலவை வேண்டும் என்று கணக்குப் போட்டு, 13 லிட்டர் இ85 ஊற்றி மீதியை 10 சதவீத எத்தனால் உள்ள சாதா இ10ஆல் நிரப்பினேன். மேப்பும் 30 சதவீதத்துக்கே எழுதியது. ஜனவரியில் ஒருநாள் நாக். அந்த இ85ஐச் சோதித்தால் 64 சதவீதம்தான்! டேங்கில் 24 சதவீதம்தான் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் ஃபியூல் லைனில் எத்தனால் சென்சார் போட்டேன். அது தரும் சிக்னல், எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், சுத்த எத்தனால் என்றால் 150; இடையில் வரும் எண்ணைப் பார்த்து இசியூ மேப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். பெரிய இன்ஜெக்டர் வாங்கும் முன் இதை வாங்குங்கள் என்பேன்.

(சென்னை)

என்னுடையது பழைய கார்புரேட்டர் வண்டி, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காகத் தயார் செய்தது. போன மழைக்காலம் மூன்று மாதம் டேங்க் பாதியளவில் நிறுத்திவைத்தேன். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலில் வெள்ளைப் படிவு, ரப்பர் ஹோஸ் ஊதிப்போய் விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கிறது. ஹோஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றினேன். இப்போது நிறுத்திவைப்பதற்கு முன் டேங்கையும் பவுலையும் வடித்துவிடுகிறேன். கோவை நண்பரே, நம் பங்கு பெட்ரோலில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

(கோவை)

100 மில்லி அளவுக்குழாய் ஒன்று போதும் அண்ணா. 20 மில்லி தண்ணீர், 80 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கீழடுக்கு 36 மில்லிக்குப் பக்கத்தில் நின்றால் 16 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை விட்டால் கோடு தெளிவாகத் தெரியும். மொட்டை மாடியில், அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். நான் ஒவ்வொரு புது பங்கிலும் முதல் தடவை இப்படிப் பார்த்துக் குறித்து வைக்கிறேன்.