ஆவாரம்பூவுல தேன் இருக்கா இல்லையா?

செம்மண்: கூண்டுக்காரன் நேத்து இங்க போட்ட, தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் வைக்கிற "நம்ம ஊர்ச் செடி" பட்டியல்ல "ஆவாரை ரெண்டு வச்சா வறட்சியிலயும் தேனீக்குத் தேன்"னு இருக்கு. ஆவாரம்பூவுல தேனே கிடையாது சாமி, மகரந்தம் மட்டும்தான். பூவுக்குள்ள மகரந்தம் தாங்குற காம்பு, அதான் கேசரம், பத்துல மூணு மலடு. மத்ததுல மகரந்தப்பை வெடிக்காது, நுனியில ஊசித்துளை. பூவைக் கவ்விப் பிடிச்சு 'ர்ர்ர்'னு உதறினாத்தான் மாவு கொட்டும். மரத்தைத் துளைச்சுக் கூடு வைக்கிற தச்சுத்தேனீ உதறும், பெட்டியில வளக்குற அடுக்குத்தேனீக்கு அந்த வித்தை வராது.

கூண்டுக்காரன்: பாடம் ஜோர். அப்ப காலையில அடுக்குத்தேனீ அங்க எதுக்கு வருது? சுண்டல் வாங்கவா?

செம்மண்: சிந்தினதைப் பொறுக்க. பின்னங்காலைப் பாருங்க, மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கும். தேனீ வந்தாலே தேன் இருக்குன்னு எவன் சொன்னான்?

வேலியோரம்: எறும்பும் ஏறுதே அண்ணே. இனிப்பு இல்லாமலா?

செம்மண்: இலைக்காம்புல, சிற்றிலை ஜோடிக்கு நடுவுல சின்னக் குச்சி மாதிரி சுரப்பி நிக்கும். இனிப்பு அங்க. பூவுல இல்ல.

கூண்டுக்காரன்: ஆக, செடியில இனிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

செம்மண்: பூவுல இல்ல! தேனுக்குத் தும்பை, துளசி, கோடைக்குப் புங்கை போடுங்க.

மாடிமீனா: அதே பட்டியல்ல உன்னிச்செடி (லன்டானா) இருக்கே, அது யார் கண்ணுக்கும் படலையா? அமெரிக்காவுல இருந்து வந்து முதுமலைக் காட்டை அடைச்சுக்கிட்டது "நம்ம ஊர்ச் செடி"யாம். பட்டாம்பூச்சி தேன் குடிச்சிட்டுப் போயிரும், முட்டை எங்க போடும்? அதுக்குப் புழு தின்னுற இலை வேணும்: எருக்கு வேணும், ஆடுதின்னாப்பாளை வேணும்.

கூண்டுக்காரன்: எருக்கம்பால் கண்ணுல தெறிச்சா நீங்க வந்து பாப்பீங்களா?

மாடிமீனா: வாசல்ல ஏன் வைக்கிறீங்க? கொல்லையில வைங்க. புழு தின்னு மொட்டையாக்கினதும் வேப்பெண்ணெய் அடிக்க ஓடாதீங்க. புழுவுக்குத்தானே வச்சோம்.

செம்மண்: ஆவாரையே வேண்டாம்னு நான் சொல்லல. விதைத்தோல் கல்லு மாதிரி இருக்கும். கொதிநீரை இறக்கி, விதை மேல ஊத்தி ராத்திரி முழுக்க விட்டு, உப்பினதை மட்டும் ஆவணிக்குள்ள ஊனணும். ஐப்பசி மழைக்கு முன்ன வேர் பிடிச்சிரணும். கரிசல்னா ஒரு அடி மேடு கட்டுங்க. தண்ணி நின்னா வேர் அழுகிரும். அப்புறம் இடம் பூரா காஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்குப் போட்டுடாதீங்க. மண்ணுல வளை தோண்டுற தேனீக்கு வெயில் படுற மூலையில ரெண்டுக்கு ரெண்டடி வெறும் மண் வேணும். தச்சுத்தேனீக்குக் காஞ்ச மூங்கில் ரெண்டு கட்டித் தொங்கவிட்டாப் போதும்.

வேலியோரம்: மூடாக்கு இல்லேன்னா சித்திரையில மண்ணு வெந்துரும்.

செம்மண்: மூலைன்னு எழுதியிருக்கேன். முன்ன இங்க நடந்த வேப்பெண்ணெய் விவாதத்துலயும் நீங்க இப்படித்தான், பாதி படிச்சிட்டுப் பதில்.

கூண்டுக்காரன்: "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

செம்மண்: அது மனுசனுக்குச் சொன்னது, தேனீக்கு இல்ல. பிளேடால பூவடியைக் கீறிப் பாருங்க. ஒரு சொட்டு காட்டுங்க.

கூண்டுக்காரன்: பூவைக் கீற எனக்கு நேரமில்ல. பட்டியல் அப்படியேதான் இருக்கும்.

வேலியோரம்: தச்சுத்தேனீன்னா அந்தக் கருவண்டா? வண்டுன்னே சொல்லலாமே.

செம்மண்: வண்டுக்கு முதுகுல ஓடு இருக்கும். இதுக்கு இருக்கா?