கயிறு போட்டால் மட்டும் மற்ற நாய்களைக் கண்டு பாயுது: எங்க இருந்து தொடங்கிறது?

கல்லடி_ஒழுங்கை:
என்ட நாய் அல்சேசன் கலப்பு, ஆண், ரெண்டரை வயசு, 26 கிலோ. வளவுக்குள்ள அவிழ்த்து விட்டால் பக்கத்து வீட்டு நாயோட நல்லா விளையாடும். கயிறு போட்டு றோட்டுக்குக் கொண்டுபோனால் 20 மீற்றர் தூரத்துல ஒரு நாயைக் கண்டாலே முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக் குரைச்சுப் பாயுது. மாடு, ஆடு, மோட்டார் சைக்கிள் ஒண்டுக்கும் அசையாது. இப்ப போடுறது கழுத்துப்பட்டியும் இரும்புச் சங்கிலியும். மலிபன் பிஸ்கட் நீட்டினால் திரும்பியும் பார்க்காது. சந்திக்குச் சந்தி கட்டாக்காலி நாய்கள் வேற. சங்கிலியைச் சுண்டி இழுத்து ரெண்டு அடி போடச் சொல்றாங்க, மனம் வரல்ல. வேற வழி இருக்கா?

வாவிக்கரை:
அவிழ்த்து விட்டால் விளையாடுது எண்டால் அது சண்டைக்கார நாய் இல்ல. கிட்டப் போய் மணக்கவும் ஏலாம, விலகிப் போகவும் ஏலாம கயிறு பிடிச்சு வச்சிருக்கிற அந்தரத்துலதான் குரைக்குது. பயத்துல குரைக்கிற நாயும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ரெண்டுக்கும் தொடக்கம் ஒண்டுதான்: தூரம்.

குரைக்கத் தொடங்கின நாய்க்கு ஒண்டும் படிப்பிக்க ஏலாது. பிஸ்கட்டைத் திரும்பிப் பார்க்காததும் அதாலதான். மற்ற நாயைக் கண்டும் சாப்பிடக்கூடிய தூரம் எவ்வளவு எண்டு முதல்ல கண்டுபிடிங்க. 20 மீற்றரில பாயுது எண்டால் 35, 40 இல இருந்து பாருங்க. ஒழுங்கைக்குள்ள அவ்வளவு இடம் கிடைக்காது, அதால நேரா கடற்கரைக்குப் போங்க. வெட்டவெளி, தூரத்துல வர்ற நாயை நீங்க முதல்லயே காணலாம். மட்டக்களப்புப் பழைய கல்லடிப் பாலத்துப் பக்கம் இப்போதைக்கு வேணாம். எதிர்ல ஒரு நாய் வந்தால் விலக இடமில்ல.

வேலை இவ்வளவுதான். உங்கட நாய் மற்ற நாயைப் பார்க்குது. ஒரு வினாடி விட்டு வாயில ஒரு துண்டு. அது பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக் குடுங்க, மற்ற நாய் மறைஞ்சதும் கையை நிப்பாட்டுங்க. ஒழுங்கு மாறக்கூடாது. நாயைக் காண முந்தியே நீங்க பைக்குள்ள கை விட்டால், "கையைப் பைக்குள்ள விடுறார், எங்கேயோ நாய் வருது" எண்டு படிச்சிடும். பிறகு உங்கட கையைக் கண்டே விறைக்கும். கனபேர் பிழைக்கிற இடம் இதுதான்.

சில கிழமையில மற்ற நாயைக் கண்டதும் தானாத் திரும்பி உங்கட முகத்தைப் பார்க்கும், "எங்க என்ட துண்டு" எண்ட மாதிரி. அப்ப மட்டும் ரெண்டு மீற்றர் கிட்டப் போங்க. ஒருக்கா குரைச்சால் பழைய தூரத்துக்கே திரும்புங்க. ஒரு தடவைக்கு 10, 15 நிமிசம் காணும்.

பிஸ்கட் இதுக்கு உதவாது. உப்பு, வெங்காயம் போடாம அவிச்ச கோழி இறைச்சி, இல்லாட்டி முள் எடுத்த சூரை மீன். கடலைப்பருப்பு அளவுத் துண்டு, ஒரு நடைக்கு 60 முதல் 80 கிராம், அந்த அளவைப் பின்னேரச் சோத்துல குறைங்க. ஈரலும் நல்லா வேலை செய்யும், ஆனா கூடினால் வயித்தால போகும். கருவாடு வேணாம், உப்பு.

பித்தளைக்கொளுக்கி:
சங்கிலியை முதல்ல மாத்துங்க. ரெண்டு மீற்றர் நூல் அல்லது நைலோன் பட்டி, அகலம் 2 சென்ரிமீற்றர். சுருள்ற வகை வேண்டவே வேணாம். கொளுக்கி பித்தளையில பார்த்து எடுங்க. நம்மட கடற்காத்துக்கு இரும்புக் கொளுக்கியின்ட வில்லு உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு இறுகும், பூட்டின மாதிரித் தெரியும், பாயும்போது கழண்டிடும்.

நெஞ்சில வளையம் வச்ச ஹார்னஸ் (கழுத்தில இல்லாம உடம்பைச் சுத்திப் போடுற பட்டி) நல்லம். முன்னால பார்த்தால் ஆங்கில Y எழுத்து மாதிரி இருக்கோணும். தோள்மூட்டைக் குறுக்க மறைக்கிற பட்டி நடையைக் கெடுக்கலாம். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில ரெண்டு விரல் போகோணும். பின்வாங்கி உருவுற நாய் எண்டால் ஹார்னஸையும் கழுத்துப்பட்டியையும் ஒரு சின்னத் துண்டுப் பட்டியால இணைச்சு விடுங்க. கயிறைக் கையில சுத்தாதீங்க, 26 கிலோ ஒரே இழுவையில மணிக்கட்டை முறிக்கும்.

மாஸ்டர்_77:
இவ்வளவு சோடனை எதுக்கு தம்பி? சங்கிலியைச் சுண்டி ரெண்டு தரம் அதட்டினால் அடங்கும். அந்தக் காலத்துல இப்படித்தான் வளர்த்த.

வாவிக்கரை:
அடங்கும்தான் சேர். ஆனா ஒவ்வொரு நாயைக் காணும்போதும் கழுத்து நொந்தால், "நாய் வந்தால் நோவு வரும்" எண்டுதான் அது கணக்குப் போடும். உறுமலை அடக்கினால் உறுமாமலே கடிக்கிற நாய் வரும். அது இன்னும் மோசம்.

இன்னொண்டு. வீட்டுக் கேற்றடியில றோட்டால போற நாய்களுக்குக் குரைக்குதா? அப்படியெண்டால் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்குது, உங்கட 15 நிமிசம் எந்த மூலைக்கு? கேற்றுக்குக் கிடுகு அல்லது பச்சை வலை கட்டி மறையுங்க. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நேரம் வெடிச்சத்தத்துல இரவு முழுக்க நித்திரையில்லாம கிடந்த நாயை விடியக் கூட்டிட்டுப் போகாதீங்க. சின்ன விசயத்துக்கும் வெடிக்கும்.

கல்லடி_ஒழுங்கை:
கேற்றடியில குரைக்கிறது உண்மைதான். தூரக் கணக்கு விளங்கிற்று. ஆனா கட்டாக்காலி நாய்கள் தூரத்துல நிக்காதே, நேரா ஓடி வருமே?

சந்திக்காவல்:
அதுக்குப் பயிற்சி இல்ல, தப்பிற வழிதான். முதல்ல வீட்டு விறாந்தையில "திரும்பு" எண்டு சொல்லி, நீங்க திரும்பி நடந்து, கூட வந்தால் ஒரு துண்டு. சொல் காதுல விழுந்ததும் உடம்பு திரும்புற அளவுக்குப் பழகினால்தான் றோட்டுல உதவும்.

கட்டாக்காலி நாய்க்கு அதன்ட எல்லைதான் கவலை. ஓடாதீங்க, சரிவா விலகி நடங்க, எல்லை முடிஞ்சதும் அநேகமா நிண்டிடும். விடாம வந்தால் கல் எடுக்கிற மாதிரிக் குனிங்க, பாதி நாய் அதிலயே போயிரும். எறியத் தேவையில்ல. இன்னும் வந்தால் ஒரு பிடி சாப்பாட்டை அதுக்குப் பின்னால விழுற மாதிரி எறிஞ்சிட்டு நடையைக் கட்டுங்க. ஒரே சந்தியில தினமும் எறிஞ்சால் நாளைக்கு உங்களுக்காகவே காத்து நிக்கும், அதால பாதையை மாத்துங்க. குடையைப் படக்கெண்டு விரிக்கிறதும் நல்ல தடுப்பு, உங்கட நாய்க்கு முதல்ல வீட்டுல பழக்கிப்போட்டு.

நேரமும் யோசிங்க. காலமை ஆறரைக்குள்ள வீடு திரும்பினால் தார் கொதிக்காது. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இருக்கிறவங்க சுபஹ் (விடியற்காலை) தொழுகைக்குப் பள்ளிக்குப் போற ஆக்கள் கடந்த பிறகு இறங்குங்க. உடுப்புல நாய் எச்சில் பட்டால் அவங்க திரும்பிப் போய்க் கழுவோணும்.

விசர்நாய் ஊசி வருசா வருசம் போட்ட அட்டை கையில இருக்கோணும். கட்டாக்காலி நாய் கடிச்சால், உங்களைக் கடிச்சால் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்கட நாயைக் கடிச்சால் காயம் சின்னதெண்டாலும் மிருக வைத்தியரிட்டக் காட்டுங்க. முடிக்குள்ள பல் இறங்கின ஓட்டை வெளிய தெரியாது.