ஏரியைத் திறந்துவிட்டார்களாமே!

குழு: ஜாபர்கான்பேட்டை அடுக்ககக் குடியிருப்போர்

இரவு 8.12 மீனாட்சி மாமி:
"அவசரம்! செம்பரம்பாக்கம் ஏரியில் 29,000 கன அடி நீர் திறப்பு. அடையாற்றங்கரை மக்கள் இன்று இரவுக்குள் வெளியேறவும். அனைவருக்கும் பகிரவும்."
(வீடியோ)

8.13 மீனாட்சி மாமி:
என் நாத்தனார் அனுப்பினாள். கீழ்த்தளத்துக்காரர்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? எனக்குப் படபடவென்று இருக்கிறது.

8.15 கார்த்திக்:
மாமி, இன்று இரவு என்றால் எந்த இரவு? தேதியே இல்லையே. மேலே இரட்டை அம்புக்குறி வேறு. குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு.

8.16 ஜெயா:
கை மாறி வந்தால் பொய்யாகிவிடுமா தம்பி? 2015இல் இதே தெருவில் வதந்தி என்று சொன்னவர்கள்தாம் அதிகம். விடிவதற்குள் கீழ்த்தளத்தில் கட்டில் மிதந்தது.

8.22 சலீம் பாய்:
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஸ்டேஷனரி கடை தெரிகிறது. ஷட்டருக்கு மேலே பலகை: "2016 டைரி, காலண்டர் கிடைக்கும்".

8.23 சலீம் பாய்:
29,000 கன அடியும் 2015 டிசம்பர் 1 இரவுக் கணக்குதான். பழைய வீடியோ, பழைய எண். "இன்று இரவு" மட்டும்தான் புதிது.

8.25 கார்த்திக்:
குடிநீர் வாரிய இணையதளத்தில் ஏரி நிலவரம் தினமும் வருகிறது. இன்று காலை 20 அடி. முழுக் கொள்ளளவுக்கு 24 அடி வேண்டும்.

8.26 ஜெயா:
அது காலைக் கணக்கு. மதியத்திலிருந்து கொட்டுகிற மழை அதில் எப்படி வரும்?

8.27 கார்த்திக்:
வராது அக்கா. நியாயமான கேள்வி.

8.38 ராமநாதன் (செயலாளர்):
1913 என்ற எண்ணில் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்துவிட்டேன். இப்போது 500 கன அடிதான் போகிறதாம். கூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே கரையோரத்தில் அறிவிப்பார்களாம்.

8.39 மீனாட்சி மாமி:
அப்படியானால் நான் போட்டதை அழித்துவிடுகிறேன்.

8.40 சலீம் பாய்:
நாத்தனாரிடமும் அந்தக் கடைப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள் மாமி.

8.41 மீனாட்சி மாமி:
அவள் கை வேகம் உங்களுக்குத் தெரியாது பாய். இதற்குள் மாம்பலம் முழுக்கப் போயிருக்கும்.

8.43 ஜெயா:
யார் என்ன சொன்னாலும் என் ஸ்கூட்டரை மேட்டுத் தெருவில் நிறுத்தத்தான் போகிறேன்.

8.44 ராமநாதன் (செயலாளர்):
தாராளமாக. மேல் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைத்து மெயின் ஸ்விட்சையும் இறக்கிவைக்க வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். பத்து மணி வரை கேட் திறந்திருக்கும்.

8.46 கார்த்திக்:
அக்கா, இறங்கும்போது ஒரு குரல் கொடுங்கள். என் பைக்கையும் எடுத்து வருகிறேன்.