சர்வசித்து வருஷம் என்றால் 1887 தானா?

நொய்யல்காரன்:
பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நேற்று அள்ளிவிட்டது இது: "நம் பள்ளி நூலகத்தில் 1887-இல் அச்சான தலபுராணம் இருக்கிறது. இன்றைக்கு மூன்று லட்சம் பெறும்." தலைப்புப் பக்கம் இல்லை. முகவுரைக்கு அடியில் 'சர்வசித்து வருஷம் தை மாதம்' என்று இருக்கிறதாம், அதுதான் ஆதாரமாம். ஏனுங்க, தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதுகூடத் தெரியாமலா மூன்று லட்சம்? 1887-உம் சர்வசித்துதான், 1947-உம் சர்வசித்துதான்.

அந்தியூரான்:
அந்த ஒருவர் நான்தானுங்க. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 'லை', 'ணை' எல்லாம் யானைத் தும்பிக்கைபோல் வளைவு வைத்த பழைய எழுத்து. விலை பன்னிரண்டு அணா. உ.வே.சா. சிந்தாமணியை அச்சிட்டாரே, அதே 1887.

நொய்யல்காரன்:
தும்பிக்கையை அரசாணை போட்டு எடுத்தது 1978-இல். அணா போய் நயா பைசா வந்தது 1957-இல். உங்கள் இரண்டு சாட்சியும் 1947-க்கும் சேர்த்தே சாட்சி சொல்கின்றன. அப்புறம் இன்னொன்று. சித்திரையில் பிறந்த வருஷத்தின் தை, ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஜனவரி. உங்கள் வாதமே சரி என்றாலும் அது 1888. 1887 இல்லை.

அந்தியூரான்:
தாள் பழுத்து, தொட்டால் நொறுங்குகிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நொய்யல்காரன்:
மரக்கூழ்த் தாளில் அமிலம் இருந்தால் ஐம்பது வருஷத்திலேயே நொறுங்கும். கந்தல் துணிக்கூழில் செய்த தாள் அதைவிடப் பழையதாக இருந்தும் வெள்ளையாகக் கிடக்கும். காங்கேயம் மாட்டுக்குப் பல்லைப் பிடித்து வயசு சொல்வதுபோல் இதற்குச் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற நூலகர்:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 'அரிய நூல்' என்று எதைச் சொல்கிறீர்கள்? வயசையா, பிரதி வேறெங்கும் இல்லாததையா, நம் ஊர்ச் செய்தி அதில் மட்டும் இருப்பதையா? 1947 என்றாலும் வேறு பிரதி இல்லாவிட்டால் அது அரியதுதான். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் இருப்பு சரிபார்ப்போம். முக்கால் ரூபாய் என்று பதிந்த புத்தகம் தொலைந்தால் முக்கால் ரூபாய் கட்டிவிட்டுப் போய்விடலாம், அந்த அழகில்தான் மதிப்பீடு. முதலில் நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரவு வைக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். 1947-க்கு முன் தேதியில் வரவு வைத்திருந்தால் பேச்சே முடிந்தது.

நொய்யல்காரன்:
அம்மா சொல்வது சரி. ஆனால் தை என்றால் 1888.

அந்தியூரான்:
எத்தனை முறைங்க சொல்வீர்கள்? அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியதே நான். போன வருஷம் சொந்தச் செலவில் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். ஓரமெல்லாம் மெஷினில் வெட்டி, புத்தம் புதிதாக இருக்கிறது.

நொய்யல்காரன்:
ஓரத்தை வெட்டினீர்களா? அப்படியானால் தலைப்புப் பக்கம் எங்கே போனது?

அந்தியூரான்:
முதல் தாள் பொடிந்து கிடந்தது. பைண்டர் எடுத்துவிட்டார்.

நொய்யல்காரன்:
அடடா! அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று 1867-லேயே சட்டம் போட்டார்கள். அது இருந்த தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்று லட்சம் என்று ஊருக்கு விலை சொல்கிறீர்கள். வீட்டை இடித்துவிட்டுக் கதவைக் காட்டி வாடகை கேட்கிற கதை.

சென்னிமலைத் தறி:
பூச்சிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எங்கள் அப்பிச்சி ஏட்டுக்கட்டுக்கு வசம்புதான் வைப்பார்.

அந்தியூரான்:
நாப்தலின் உருண்டை. வசம்பெல்லாம் பாட்டி வைத்தியம்.

சென்னிமலைத் தறி:
பாட்டி வைத்தியத்தில்தான் எங்கள் ஏடு இருநூறு வருஷம் கிடந்தது. பூட்டின பீரோவில் நாப்தலினைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொல்கிறீர்களா?

ஓய்வுபெற்ற நூலகர்:
வாசனை எதுவானாலும் அது பாதிதான். வெள்ளிப்பூச்சிக்கு ஈரமும் பசையும் வேண்டும். பைண்டர் தடவிய மைதாப் பசை அதற்கு விருந்து. பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். பதிவேட்டை யாராவது பார்த்தீர்களா?

அந்தியூரான்:
எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நொய்யல்காரருக்கு என்மேல் காந்தல். போன வருஷம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் எல்லார் முன்னாலும் அவர் சொன்ன தேதியைத் தப்பு என்றேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நொய்யல்காரன்:
ஆறவில்லைதான். அன்றைக்கு என்னிடம் இரவல் வாங்கிய இரண்டு புத்தகமும் திரும்பி வரவில்லை. அதற்கும் பைண்டிங் போட்டுவிட்டீர்களா?

அந்தியூரான்:
பேச்சை மாற்றாதீர்கள். 1887.

நொய்யல்காரன்:
1888. அதுவும் 1948-ஆக இல்லாமல் இருந்தால்.

ஓய்வுபெற்ற நூலகர்:
பதிவேடு?

அந்தியூரான்:
அது பழைய பீரோவில் இருக்கிறதுங்க. சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும். 1887.

நொய்யல்காரன்:
சாவி வரட்டும். என் இரண்டு புத்தகம் எப்போது வரும்?