குதிரையைக் கேன்டருக்குக் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) கேட்டால் துள்ளி உதறுகிறது, எங்கே வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்புட்_திடல் எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு. ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தோரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஒன்றை மாமா வாங்கி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் வைத்திருக்கிறார். எட்டு வயது, விதை எடுத்தது. நடையில் தங்கமான பிள்ளை, டிராட்டிலும் (மெதுவான ஓட்டம்) குறை இல்லை. இடது பக்கமாகச் சுற்றிக் கேன்டருக்குக் கேட்டால் மட்டும் தலையைக் கீழே போட்டு, முதுகை வளைத்து, பின்னங்காலைத் தூக்கித் துள்ளுகிறது. வலது பக்கம் அவ்வளவாக இல்லை. வயிற்றுப் பட்டையை இறுக்கினால் காதை மடித்துக்கொண்டு கடிக்க வருகிறது. சேணம் மாமாவின் நண்பர் கொடுத்தது, பழையது, பெரியது.

பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுத் தாத்தா, "கொழுப்பு, நாலு சாத்து சாத்து" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பழைய_சைஸ் எழுதியது:

தம்பி, அடிக்காமல் கேட்டாயே, அதற்கே நன்றி. ஈப்போவில் குதிரை லாயத்தில் சைஸாக (குதிரை பராமரிப்பவனாக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். குதிரை எந்த நேரத்தில் துள்ளுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். பட்டை இறுக்கும்போதா, ஏறி உட்காரும்போதா, கேன்டருக்குப் போகும்போதா, எந்தப் பக்கம்? அந்த நேரமே பாதி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உன் குதிரை இரண்டு நேரத்தைக் காட்டுகிறது, இரண்டையும் தனித்தனியாகப் பார்.

முதலில் சேணம், செலவில்லாத வேலை. கடைசி விலா எலும்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே முதுகு வரை மேலே போ. சேணத்தின் மெத்தை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கே பளுவைத் தாங்க விலா எலும்பு கிடையாது. அப்புறம் சேணத்தைத் தொடையில் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து ஒன்றை நோக்கி ஒன்றை அழுத்து. கிரீச் என்றாலோ நடுவில் மடங்கினாலோ உள்சட்டம் உடைந்திருக்கலாம், அதைக் குதிரை மேல் போடவே போடாதே. நம் ஊர் வெயிலில் சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றினால் முதுகு முழுக்க நனைந்திருக்க வேண்டும். நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகம். வெள்ளை முடித் திட்டு என்றால் அழுத்தம் பழையது, உன்னிடம் வருவதற்கு முன்பே நடந்திருக்கலாம். ரேஸ் குதிரை இறகு மாதிரி ஒரு குட்டிச் சேணத்தில் ஓடிப் பழகியது. ஓய்வுக்குப் பிறகு முதுகுச் சதையும் இறங்கிவிடும். யாருடைய பெரிய சேணமோ அதற்குப் பொருந்தும் என்று எப்படி நம்புவது?

அடுத்து கால். இடது கேன்டரில் முதல் தள்ளு கொடுப்பது வலது பின்னங்கால்தான். அதன் குளம்பு, முட்டி, இடுப்பு எல்லாவற்றிலும் கை வை. ரேஸ் குதிரைகளில் பலவற்றுக்குக் குளம்பின் முன்பகுதி நீண்டு குதி தாழ்ந்து கிடக்கும். லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்து காட்டு. கேன்டரில் இரண்டு பின்னங்காலும் முயல் மாதிரி ஒன்றாக விழுகிறதா என்று யாரையாவது பக்கத்தில் நின்று கைப்பேசியில் எடுக்கச் சொல்.

பிறகு ஆள் ஏறாமல் நீளக் கயிற்றில் விட்டு உன்னைச் சுற்றி ஓட வை. முதலில் சேணம் இல்லாமல், அப்புறம் சேணத்தோடு. வித்தியாசம் தெரிந்தால் இங்கே எழுது. அது வரை யாரும் ஏற வேண்டாம்.

செர்டாங்_வாணி எழுதியது:

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். கயிற்றில் துள்ளவில்லை என்றால் உடம்பில் வலி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆள் ஏறினால் மட்டும் வெளிப்படும் வலிகள் உண்டு. இடது வட்டத்தில் உள்பக்கமாக இருக்கும் இடது பின்னங்காலும் சுமை தாங்குகிறது, அதனால் வலதை மட்டும் சந்தேகிப்பதும் போதாது. பின்னங்காலின் நடு மூட்டுக்குக் கீழே உள்ள தசைநாரும், இடுப்பும் முதுகும் சேரும் மூட்டும் கேன்டரில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

பட்டை இறுக்கும்போது கடிப்பது வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம். குதிரையின் வயிற்றில் அமிலம் இராப்பகலாகச் சுரக்கும், ஆனால் அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டுமே வரும். வயிற்றின் மேல்பகுதிக்குப் பாதுகாப்புச் சளி கிடையாது; வெறும் வயிற்றில் ஓடும்போது அமிலம் அங்கே தெறிக்கும். பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளில் புண் மிகச் சாதாரணம். அதை உறுதி செய்ய உள்நோக்குக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதுகெலும்பு முட்கள் ஒன்றோடு ஒன்று உரசுவதும் தோரோபிரெட்களில் அடிக்கடி வருவதுதான். ஆனால் எக்ஸ்ரேயில் உரசல் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகள் இருக்கின்றன. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து நடை மாறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனின் குழு 2018-இல் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளின் பட்டியலை வெளியிட்டது. எட்டும் அதற்கு மேலும் தெரிந்தால் தசை, எலும்பு வலிக்கு வாய்ப்பு அதிகம். காதை மடிப்பதும் துள்ளுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தாத்தாவிடம் சொல்லுங்கள்.

சிப்புட்_திடல் எழுதியது:

சொன்னபடி பார்த்தேன். சேணத்தின் மெத்தை கடைசி விலாவைத் தாண்டி நாலு விரல் போகிறது! வலது பக்கம் கைப்பிடி அளவு வெள்ளை முடி. சேணம் இல்லாமல் கயிற்றில் இடது பக்கம் கேன்டர் செய்தது, துள்ளவில்லை. ஆனால் பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. வீடியோவை எடுத்து வைத்திருக்கிறேன். சேணம் மாற்றினால் போதுமா, இல்லை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டுமா?

செர்டாங்_வாணி எழுதியது:

காட்டியே ஆக வேண்டும். சேணம் இல்லாமலேயே கால் சேர்ந்து விழுகிறதே, அது சேணத்தோடு தீர்கிற கதை இல்லை. ஈப்போவில் குதிரை பார்க்கும் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே வீடியோவைக் காட்டுங்கள். இல்லையென்றால் செர்டாங்கில் யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள். வலிமாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கொடுத்துக் குறையவில்லை என்றாலும் வலி இல்லை என்று அர்த்தமாகாது.

பழைய_சைஸ் எழுதியது:

வாணி சொன்னதைக் கேள், தம்பி. வயிற்றையும் பார்ப்பதாக இருந்தால் முதல் நாள் இரவே தீனியை நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை மணி நேரம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள். மற்ற நாளில் வெறும் வயிற்றோடு நிற்க விடாதே, புல்லோ வைக்கோலோ எப்போதும் முன்னால் கிடக்கட்டும். அந்தச் சேணத்தை மாமாவின் நண்பருக்கே திருப்பிக் கொடுத்துவிடு.